தெருக்கூத்தில் சொந்த ஊர்: தேசிங்கு ராஜனும் வல்லாள மகாராஜனும்

திருவண்ணாமலையிலிருந்து செஞ்சி வழியாகத் திண்டிவனம் செல்லும் சாலையில் அமைந்துள்ள ஊர் கீழ்பென்னாத்தூர். மேற்கே போனால் அண்ணாமலை, கிழக்கே போனால் செஞ்சிக் குன்றுகள். மேற்கிலுள்ள மலையடிவாரத்தில் வல்லாள மகாராஜன் ஆண்டான் என்றும், கிழக்கிலுள்ள கோட்டையில் தேசிங்கு ராஜன் ஆண்டான் என்றும் இப்பகுதியில் பள்ளிக்கூடம் போகாதவர்களும் சொல்வார்கள். இந்த இரண்டு பெயர்களையும் அவர்கள் பாடநூலில் படித்துத் தெரிந்துகொள்ளவில்லை. விடிய விடிய நடக்கும் கூத்திலும், நாடகத்திலும், பெரிய எழுத்துக் கதைப் புத்தகங்களிலும், கோயில் திருவிழாவிலும் கேட்டும் பார்த்தும் தெரிந்துகொண்டார்கள்.

தெருக்கூத்து என்பது பாட்டும் ஆட்டமும் வசனமும் கலந்த இசை நாடகம். அதில் பெரும்பாலான கதைகள் பாரதக் கதைகளே. அத்தினாபுரத்தையும் இந்திரப்பிரத்தத்தையும் பார்த்துப் பழகிய கூட்டத்தின் முன் திடீரெனச் செஞ்சிக்கோட்டையும் அண்ணாமலையும் கதைக்களமாக வந்து நிற்கும்போது பார்ப்பவர்களுக்கு என்ன நேர்கிறது என்பதே இக்கட்டுரையின் பொருள். இதில் ஒரு வியப்பு உண்டு. ஊர்ப்பெருமைக்குரியவர்களாக ஆடப்படும் இந்த இரண்டு மன்னர்களுமே வெளியூர்க்காரர்கள். தேசிங்கு வட இந்தியாவின் பந்தேல ராஜபுத்திரக் குடும்பத்தைச் சேர்ந்தவன். வல்லாளன் கன்னட நாட்டு ஹொய்சள மரபினன். இருவருமே போரில் தோற்று இறந்தவர்கள்.

கூத்தில் ஊர் சொல்லும் முறை

கூத்தில் ராஜ வேடம் களரிக்குள் நேராக வந்துவிடாது. இரண்டு பேர் திரையைப் பிடித்துக்கொண்டு நிற்க, அதன் பின்னாலிருந்து விருத்தமும் தருவும் பாடியபடி வேடம் அடியெடுத்து ஆடும். திரை விலகிய பிறகும் கதை உடனே தொடங்காது. கட்டியக்காரன் குறுக்கே வந்து, தாங்கள் யார், எந்த நாடு, எந்தப் பட்டணம், என்ன காரியமாக இந்தச் சபைக்கு வந்தீர்கள் என்று ஒவ்வொன்றாக விசாரிப்பான். ராஜா தன் பெயரையும் குலத்தையும் ஊரையும் சொல்லியாக வேண்டும். ஊர் சொல்லாமல் எந்த ராஜாவும் கதைக்குள் நுழைய முடியாது என்பது கூத்தின் இலக்கணம் போன்றது.

இந்தக் கேள்வி பதிலில்தான் கட்டியக்காரன் தன் கைவரிசையைக் காட்டுவான். துரியோதனனின் அரண்மனைக்கு வழி கேட்டால், இன்ன ஏரிக்கரை தாண்டி, இன்ன புளியமரத்தில் திரும்ப வேண்டும் என்று அன்றிரவு கூத்து நடக்கும் ஊரின் அடையாளங்களைச் சொல்லுவான். கூட்டம் சிரிக்கும். அத்தினாபுரத்தை அரை நிமிடத்தில் தங்கள் ஊருக்குப் பக்கத்தில் கொண்டுவந்து வைத்துவிட்ட சிரிப்பு அது. பாரதக் கதையில் இந்த ஒட்டு வேலை கட்டியக்காரனின் நகைச்சுவையால் நடக்கிறது. தேசிங்கு கதையில் அதற்கு அவசியமே இல்லை. ராஜா தன் பட்டணம் செஞ்சி என்று சொல்லும்போது, பார்ப்பவர்கள் மறுநாள் காலையில் சந்தைக்குப் போகப்போகும் ஊரைத்தான் சொல்கிறான்.

தமிழ் இசை நாடக மரபில் ஊரைப் பாடுவது புதிதன்று. சிலப்பதிகாரத்தின் மூன்று காண்டங்களும் புகார், மதுரை, வஞ்சி என்று மூன்று தலைநகரங்களின் பெயரையே கொண்டவை. குறவஞ்சி நாடகத்தில் குறத்தி தன் மலைவளத்தையும் நாட்டுவளத்தையும் விரித்துச் சொல்லாமல் குறி சொல்லத் தொடங்குவதில்லை. திரிகூடராசப்பக் கவிராயரின் குற்றாலக் குறவஞ்சியைக் குற்றாலத்தின் பெயரிலிருந்து பிரித்துப் பார்க்கவே முடியாது. முக்கூடற்பள்ளில் இது இன்னும் சுவையாக வருகிறது. பள்ளனின் மூத்த மனைவி முக்கூடலைச் சேர்ந்தவள், இளையவள் மருதூர்க்காரி. இருவரும் மாறி மாறித் தங்கள் ஊரை உயர்த்திப் பாடுகிறார்கள். பிறகு அது ஏசலாகி, ஒருத்தி வைணவத்தையும் மற்றவள் சைவத்தையும் பிடித்துக்கொண்டு ஒருவர் தெய்வத்தை ஒருவர் இழித்துப் பேசும் அளவுக்குப் போகிறது. ஊர்ப்பெருமை எங்கே முடிந்து வம்பு எங்கே தொடங்குகிறது என்பதைப் பள்ளு ஆசிரியர் நன்றாக அறிந்திருக்கிறார்.

தேசிங்கு: வரலாறு சொல்வது

செஞ்சிக்கோட்டை ராஜகிரி, கிருஷ்ணகிரி, சந்திரகிரி என்னும் மூன்று குன்றுகளை மதிலால் இணைத்துக் கட்டப்பட்டது. கோன் மரபினர், விஜயநகரத்தின் கீழ் நாயக்கர்கள், 1649 முதல் பீஜப்பூர் சுல்தான்கள், 1677 முதல் மராத்தியர் எனக் கோட்டை பல கைகளுக்கு மாறியது. சிவாஜியின் மகன் ராஜாராம் இங்கே தஞ்சம் புகுந்திருந்தபோது 1690இல் மொகலாயப் படை முற்றுகையிட்டது. முற்றுகை எட்டு ஆண்டுகள் நீடித்து, 1698இல் சுல்பிகர் கானிடம் கோட்டை வீழ்ந்தது.

அதன்பின் மொகலாயரின் கோட்டைத் தலைவனாக வந்தவன் ஸ்வரூப் சிங். அவனுடைய மகன் தேஜ் சிங். தமிழ் நாக்கு அந்தப் பெயரைத் தேசிங்கு ஆக்கியது. தந்தை 1714இல் இறந்த செய்தி கேட்டு வந்த தேசிங்கு, கோட்டைப் பொறுப்பைத் தானே ஏற்றுக்கொண்டான். ஆற்காட்டு நவாபு சாதத்துல்லா கான் இதை ஏற்கவில்லை. தந்தை காலத்திலிருந்து கட்டப்படாமல் இருந்த கப்பப் பாக்கியைக் கேட்டான். தேசிங்கு மறுத்தான். நவாபின் படை செஞ்சி நோக்கிப் புறப்பட்டது. ஆயிரக்கணக்கில் வந்த அந்தப் படைக்கு எதிரே தேசிங்கிடம் இருந்தது சில நூறு குதிரைகளும் சிறு காலாட்படையுமே. கோட்டைக்குள் கதவை அடைத்துக்கொண்டு இருந்திருந்தால் சில மாதங்களாவது தாக்குப்பிடித்திருக்கலாம்; எட்டு ஆண்டு முற்றுகையைத் தாங்கிய கோட்டை அது. அவன் வெளியே வந்து போரிட்டான். 1714 அக்டோபர் 3 அன்று போர்க்களத்தில் இறந்தான். அப்போது அவனுக்கு வயது இருபத்திரண்டு என்பர்.

ஆக, செஞ்சியைத் தேசிங்கு ஆண்ட காலம் ஓராண்டுகூட இல்லை. அவன் கட்டிய கோயில் என்றோ, வெட்டிய ஏரி என்றோ சொல்வதற்கு ஒன்றுமில்லை. நிர்வாகக் கண்ணோடு பார்த்தால், பேரரசின் முறையான ஆணைக்குக் காத்திராமல் பதவியில் அமர்ந்து, வரிப் பாக்கியைக் கட்ட மறுத்த ஓர் இளம் அதிகாரியின் கிளர்ச்சி இது. நாயக்கர்கள் தலைமுறை தலைமுறையாக ஆண்டு, களஞ்சியங்களும் கல்யாண மகாலும் கட்டிய கோட்டை, பத்து மாதம்கூட முழுதாக ஆளாத ஓர் இளைஞனின் கோட்டையாக மக்கள் மனதில் பதிந்துவிட்டது. இதைச் செய்தது கதைப்பாடலும் கூத்தும்தான்.

தேசிங்கு: கூத்து சொல்வது

கதைப்பாடலும் அதன் வழிவந்த கூத்தும் கப்பப் பாக்கியில் தொடங்குவதில்லை. குதிரையில் தொடங்குகின்றன. தில்லிப் பாதுஷாவிடம் யாராலும் அடக்க முடியாத குதிரை ஒன்று இருக்கிறது. செஞ்சியிலிருந்து போன பையன் அதன்மேல் ஏறி அடக்கிவிடுகிறான். குதிரையும் பெண்ணும் பரிசாகக் கிடைக்கின்றன. அந்தக் குதிரை பாராசாரி. களரியில் குதிரை கிடையாது. வேடக்காரர் கையில் ஒரு சவுக்கோ குச்சியோ போதும். மற்றதை மத்தளமும் அடவும் பார்த்துக்கொள்ளும். மேடையில் இல்லாத குதிரையைக் கூட்டம் கண்ணால் பார்த்துவிடுகிறது.

நண்பன் மகமத்கான் இந்தக் கதையின் இன்னொரு தூண். அவனுடைய குதிரை நீலவேணி. போர்ச் செய்தி வரும்போது அவன் வழுதாவூரில் மணக்கோலத்தில் இருக்கிறான். கடிதம் கண்டதும் கல்யாணப் பந்தலிலிருந்து புறப்பட்டுவிடுகிறான். தேசிங்குக்காகப் போரிட்டு அவனும் மடிகிறான். ஆற்காட்டு நவாபும் முஸ்லிம், செஞ்சி ராஜாவின் உயிர் நண்பனும் முஸ்லிம். எனவே இந்தக் கதையை மதச் சண்டையாக மாற்றிச் சொல்ல முயல்பவர்களுக்குக் கதையே இடம் கொடுப்பதில்லை. மகமத்கானின் சாவுக்கு அழாமல் தேசிங்கின் சாவுக்கு மட்டும் அழ முடியாதபடி கட்டப்பட்ட கதை இது.

ஊர் இந்தக் கதைக்குள் சும்மா பின்னணியாக வருவதில்லை. செஞ்சிக்குச் சற்று வடக்கே சிங்கவரத்தில் பல்லவர் காலக் குடைவரையில் ரங்கநாதர் பள்ளிகொண்டிருக்கிறார். தேசிங்கின் வழிபடு தெய்வம் அவர். போருக்குப் போக அவன் விடை கேட்டபோது, வேண்டாம் என்பதுபோல் பெருமாள் முகத்தைத் திருப்பிக்கொண்டார் என்பது கதை. சிலையின் முகம் ஒருபுறமாகத் திரும்பியிருப்பதை இன்றும் அங்கே போகிறவர்களுக்குக் காட்டுகிறார்கள். குடைவரை தேசிங்குக்குப் பல நூற்றாண்டுகள் முந்தையது. அவனைக் கண்டு முகம் திருப்பிக்கொள்ளும்படி எந்தச் சிற்பியும் செதுக்கியிருக்க முடியாது. அதனால் என்ன? கூத்தில் அந்தக் கட்டத்தைப் பார்த்தவர் சிங்கவரம் போகும்போது கல்லில் சாட்சி இருக்கிறது. கோட்டைக்குள் செட்டிகுளக் கரையில் தேசிங்கின் உடல் எரியூட்டப்பட்டது என்றும், அவன் மனைவி அங்கே உடன்கட்டை ஏறினாள் என்றும் சொல்கிறார்கள். அவளுடைய நினைவாகவே நவாபு ஆற்காட்டுக்கு எதிர்க்கரையில் இராணிப்பேட்டையை அமைத்தான் என்பதும் மரபு. 2019இல் அந்த ஊரின் பெயரிலேயே ஒரு மாவட்டம் உருவானது. வென்றவன் கட்டிய ஊருக்குத் தோற்றவனின் மனைவியை நினைவூட்டும் பெயர்.

உடன்கட்டை ஏறிய காட்சியைக் கதைப்பாடல் பெருமையாகவே பாடுகிறது. இன்றைய வாசகர் அதை அப்படியே ஏற்க வேண்டியதில்லை. கணவனின் முகத்தைக்கூடச் சரியாகப் பார்த்திராத ஓர் இளம்பெண் திரைக்குப் பின்னாலிருந்து அவனுக்கு விடைகொடுப்பதாகக் கதை அமைத்திருக்கிறது. அந்தக் கட்டத்தில் பாடலின் இரக்கம் அவள் பக்கம்தான் நிற்கிறது என்பதையும் கவனிக்க வேண்டும்.

போர்க்களத்தில் தேசிங்கு எப்படி இறந்தான் என்பதிலும் வரலாறும் கூத்தும் பிரிகின்றன. எதிரிப் படையின் நடுவே அவன் வெட்டுண்டோ சுடப்பட்டோ விழுந்தான் என்பதே நடந்திருக்கக்கூடியது. கதையில் யாரும் அவனைக் கொல்வதில்லை. தன் வாளைத் தானே மேலே எறிந்து மார்பில் ஏந்திக்கொள்கிறான். தங்கள் ஊர் ராஜாவை வேற்றூர்ப் படை கொன்றது என்று சொல்ல ஊருக்கு மனம் வரவில்லை.

1960இல் எம்.ஜி.ஆர். நடித்த 'ராஜா தேசிங்கு' திரைப்படம் வந்தது. டி.ஆர். ரகுநாத் இயக்கியது. அதனால் தமிழ்நாடு முழுவதும் தேசிங்கு தெரிந்த பெயரானான். ஆனால் செஞ்சி வட்டாரத்தில் அந்தப் பெயர் திரைக்கு முன்பே வேரூன்றியிருந்தது.

அண்ணாமலையின் வல்லாளன்

மூன்றாம் வீர வல்லாளன் 1292 முதல் ஹொய்சள நாட்டை ஆண்டவன். அவனுடைய தலைநகரான துவாரசமுத்திரம் தில்லிப் படைகளால் 1311லும், மறுபடி 1327 அளவிலும் தாக்கப்பட்டது. அதன்பின் அவன் திருவண்ணாமலையைத் தன் முக்கிய இருப்பிடமாக்கிக்கொண்டான். ஆட்சியின் கடைசிக் கட்டத்தில் மதுரை சுல்தானுடன் போரிட்டு, கண்ணனூர்க் கொப்பத்தில் ஏறத்தாழ வென்றுவிட்ட நிலையில் திடீர்த் தாக்குதலில் பிடிபட்டான். அப்போது அவனுக்கு எண்பது வயது இருக்கும். விடுவிப்பதாகச் சொல்லிச் செல்வத்தையெல்லாம் வாங்கிக்கொண்டு, பிறகு கொன்று, தோலை உரித்து வைக்கோல் அடைத்து மதுரைக் கோட்டை மதிலில் தொங்கவிட்டார்கள். இதைத் தன் கண்ணால் பார்த்ததாக எழுதியிருப்பவர் பயணி இபின் பதூதா. 1342-43 ஆண்டுவாக்கில் நடந்தது இது.

இந்தக் கொடூரமான முடிவு திருவண்ணாமலையில் சொல்லப்படும் கதையில் அறவே இல்லை. எல்லப்ப நாவலரின் அருணாசல புராணத்தில் வல்லாளன் பிள்ளையில்லாத மன்னன். கேட்டதை மறுக்காமல் கொடுப்பவன். அவனைச் சோதிக்கச் சிவன் அடியார் வேடத்தில் வந்து ஒரு கணிகை வேண்டும் என்கிறான். ஊரில் அன்றிரவு எல்லாக் கணிகையரும் வேறு அடியார்களுக்கு ஒப்புக்கொண்டுவிட்டார்கள். வாக்குத் தவறக் கூடாது என்று மன்னன் தவிக்க, இளைய அரசி சல்லமாதேவி தானே போகிறாள். அவள் தொட்டதும் அடியார் குழந்தையாகிவிடுகிறார். பிறகு இறைவன் வெளிப்பட்டு, நானே உனக்கு மகனாக இருந்து இறுதிக்கடன் செய்வேன் என்று வாக்களிக்கிறான். வல்லாள மகாராஜன் கதை கூத்தாகவும் நாடகமாகவும் ஆடப்பட்டு வந்திருக்கிறது. அடியாரின் கேள்வி, அமைச்சரின் திகைப்பு, இளையவளின் துணிவு என்று நாடகத்துக்கு வேண்டியதெல்லாம் அதில் இருக்கிறது. பெண்ணைக் கொடுத்து வாக்கைக் காப்பாற்றும் ராஜா இன்றைய பார்வைக்கு நெருடலானவன் என்பதில் ஐயமில்லை. இயற்பகை நாயனார் கதை முதலாக நம் பக்திக் கதைகளில் இந்த நெருடல் பழையது.

இந்தக் கதைக்குக் களரியைவிடப் பெரிய ஒரு மேடையும் கிடைத்திருக்கிறது. ஒவ்வோர் ஆண்டும் மாசி மகத்தன்று அருணாசலேசுவரர் திருவண்ணாமலையை விட்டுப் புறப்பட்டுப் பள்ளிகொண்டாப்பட்டுக்குச் செல்கிறார். அங்கே கௌதம நதியில் வல்லாளனுக்குத் திதி கொடுக்கும் சடங்கு நடக்கிறது. வழியெல்லாம் மக்கள் கூடுகிறார்கள். ஊரையே படைத்துக் காக்கும் தெய்வம், ஊரை ஆண்டவனுக்கு மகனாக நின்று எள்ளும் தண்ணீரும் இறைக்கிறது. எந்த நாடகக்காரனும் இதைவிடப் பெரிய காட்சியை எழுதிவிட முடியாது. மதுரை மதிலில் தோல் தொங்கிய மன்னனுக்கு அவனுடைய ஊர் அறுநூறு ஆண்டுகளுக்கும் மேலாகக் கருமாதி செய்துவருகிறது என்றும் இதைப் பார்க்கலாம். இபின் பதூதாவின் குறிப்பை அறிந்தவருக்கு அந்தச் சடங்கு வேறு கனத்தோடு தெரியும்.

வல்லாளனைப் பற்றி ஊரில் இன்னொரு கதையும் வழங்குகிறது. அருணாசலேசுவரர் கோயிலில் அவன் பெயரால் வல்லாள கோபுரம் இருக்கிறது. அதைக் கட்டிய கர்வம் மன்னனின் தலைக்கேறியதாம். அதனால் திருவிழாவின்போது இறைவன் அந்தக் கோபுர வழியாகப் போக மறுத்து, மன்னன் மனம் வருந்திய பிறகே அதன் வழியே எழுந்தருளினாராம். ஊர் தன் ராஜாவைக் கொண்டாடுகிறது, அவன் காதைத் திருகவும் செய்கிறது.

மேலச்சேரித் திரௌபதி

செஞ்சி வட்டாரத்துக்கு மூன்றாவதாக ஒரு பெருமையும் உண்டு. பழைய செஞ்சி எனப்படும் மேலச்சேரியில் உள்ள திரௌபதி அம்மன் கோயிலே அம்மன் வழிபாட்டின் ஆதி இடம் என்று இப்பகுதி மக்கள் நம்புகிறார்கள். பாரதக் கதை முடிந்த பிறகு திரௌபதி செஞ்சிக் காட்டில் மறுபடி தோன்றி, ஊரை வருத்திய நூறு தலை அசுரனை அழித்தாள் என்பது கோயில் கதை. அசுரனின் தலை தரையில் விழக்கூடாது என்பதால் அதை ஏந்தி நிற்பவன் போத்துராஜா. திரௌபதி அம்மன் கோயில்களில் கையில் வெட்டுண்ட தலையோடு நிற்கும் அவனுடைய உருவத்தைக் காணலாம். அமெரிக்க ஆய்வாளர் ஆல்ஃப் ஹில்டெபெய்டல் திரௌபதி வழிபாட்டைப் பற்றி எழுதிய பெரிய நூலின் முதல் தொகுதி 1988இல் வெளிவந்தது. அதற்கு மையமாக அவர் எடுத்துக்கொண்டது செஞ்சி வட்டாரத்தைத்தான்.

இதன் விளைவு கூத்தில் தெரியும். பங்குனி தொடங்கி ஆடி வரை இங்குள்ள ஊர்களில் பாரதம் வைக்கிறார்கள். பகலில் பாரதப் பிரசங்கி கதை சொல்ல, இரவில் ஜமா அதையே ஆடுகிறது. வில் வளைப்பு, துகிலுரிதல், அர்ச்சுனன் தபசு, கர்ண மோட்சம் என்று போய், பதினெட்டாம் போரன்று மண்ணால் செய்த துரியோதனன் உருவத்தின்மேல் படுகளம் நடக்கிறது. மாலையில் தீமிதி. குருசேத்திரம் அன்று அந்த ஊர் வயலில் இருக்கிறது. அந்த அளவுக்குக் கதையை ஊருக்குள் இழுத்துவந்து பழகிய மக்களுக்கு, ராஜபுத்திர இளைஞனையும் ஹொய்சள அரசனையும் தங்களவர் ஆக்கிக்கொள்வது கடினமாக இருந்திருக்காது.

தோற்றவர்களுக்கே கூத்து

சாதத்துல்லா கான் பெயரில் கூத்து இல்லை. செஞ்சியை வென்ற சுல்பிகர் கானுக்கும், 1750இல் ஓரிரவில் கோட்டையைப் பிடித்த பிரெஞ்சுத் தளபதி புஸ்ஸிக்கும், 1761இல் கைப்பற்றிய ஆங்கிலேயருக்கும் இல்லை. ஊர் தோற்றவனைத்தான் பாடியது.

தெற்கே பாஞ்சாலங்குறிச்சிக்கும் இது பொருந்தும். 1799 அக்டோபர் 16 அன்று கயத்தாற்றில் தூக்கிலிடப்பட்ட கட்டபொம்மனைக் கதைப்பாடலும் நாடகமும் வளர்த்தன. சக்தி கிருஷ்ணசாமி எழுதிச் சிவாஜி கணேசன் நடித்த மேடை நாடகம் பின்னர் 1959இல் திரைப்படமானது. ஆங்கிலேயர் இடித்துத் தரைமட்டமாக்கிய பாஞ்சாலங்குறிச்சிக் கோட்டைக்குப் பதிலாகத் தமிழக அரசு 1974இல் ஒரு நினைவுக் கோட்டையைக் கட்டியது. இலங்கையின் வன்னியில் பண்டார வன்னியன் கதையும் இவ்வாறே. 1803இல் முல்லைத்தீவுக் கோட்டையைப் பிடித்து, அதே ஆண்டில் ஆங்கிலேயரிடம் தோற்றவன் அவன். அவனை நாடகமாகவும் கூத்தாகவும் ஆடிய மண் அது.

வெற்றி பெற்றவனுக்குப் பிறகு வேறொரு வெற்றியாளன் வந்துவிடுகிறான். கோட்டை அவனோடு போய்விடுகிறது. தோற்றவன் அதே மண்ணில் விழுந்துகிடப்பதால் அவனை எங்கும் எடுத்துச்செல்ல முடியாது. குளக்கரை, கல்லறை, எரிந்த இடம் என்று ஊருக்கு அவன் அடையாளங்களை விட்டுப்போகிறான். இதுவே இந்தத் தேர்வுக்குப் பின்னால் உள்ள காரணம் என்று தோன்றுகிறது.

வெளியார் எழுதிய இசை நாடகம் ஓர் ஊரின் பெருமையாக மாறுவதற்கு உலகில் வேறு எடுத்துக்காட்டுகளும் உண்டு. 1943இல் நியூயார்க் பிராட்வே மேடையில் ஏறிய 'ஓக்லஹோமா!' என்ற இசை நாடகத்தை உருவாக்கிய ரோட்ஜர்ஸ், ஹேமர்ஸ்டைன் இருவருமே நியூயார்க்கில் பிறந்தவர்கள். மூலக்கதை மட்டும் ஓக்லஹோமாவில் பிறந்த லின் ரிக்ஸ் எழுதிய நாடகம். பத்தாண்டு கழித்து, 1953இல் அந்த நாடகத்தின் தலைப்புப் பாடலையே ஓக்லஹோமா தன் மாநிலப் பாடலாக ஏற்றுக்கொண்டது. செஞ்சிக்கு அப்படி ஓர் அரசு ஆணை வரவில்லை.

யாருடைய கோட்டை?

2025 ஜூலையில் யுனெஸ்கோ 'இந்தியாவின் மராத்திய ராணுவ நிலப்பரப்புகள்' என்ற பெயரில் 12 கோட்டைகளை உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தது. பதினொன்று மகாராட்டிரத்தில் உள்ளவை. பன்னிரண்டாவது செஞ்சி. மராத்தியர் செஞ்சியை வைத்திருந்தது 1677 முதல் 1698 வரை இருபத்தொரு ஆண்டுகள். சிவாஜி கோட்டையைச் சீரமைத்துப் பலப்படுத்தியதும், மராத்திய அரசு அழிந்துபோகாமல் ராஜாராம் இங்கிருந்து காத்ததும் வரலாற்றில் பெரிய நிகழ்ச்சிகளே. அறிவிப்பில் பிழையில்லை.

ஆனாலும் உள்ளூர்க்காரரிடம் இது யார் கோட்டை என்று கேட்டால் சிவாஜி என்றோ ராஜாராம் என்றோ சொல்லுவாரா? உலகப் பட்டியலில் செஞ்சி மராத்தியக் கோட்டை. கூத்துக் களரியில் தேசிங்கின் கோட்டை. கட்டடக் கலை அறிந்தவருக்கு நாயக்கர் கோட்டை. மூன்றும் உண்மையே. இனி வரும் சுற்றுலா வழிகாட்டிகளும் தகவல் பலகைகளும் முதலாவதை உரக்கச் சொல்லும். தேசிங்குக்கு அங்கே ஓரிரு வரிகள் கிடைக்கலாம். கூத்து வழியாக வந்த நினைவை யாரும் திட்டமிட்டு அழிக்க வேண்டியதில்லை. அதைச் சொல்லும் ஜமாக்கள் குறைந்தாலே போதும்.

ஆடியவர்களின் நிலை

ஊரின் பெருமையைப் பாடிய கலைஞர்களுக்கு ஊர் கொடுத்த மரியாதை வேறு கதை. கூத்தாடி என்பது இன்றும் வசைச் சொல். இரவில் கிரீடமும் புஜகீர்த்தியும் கட்டி ராஜாவாக நின்றவர், விடிந்ததும் முகத்து அரிதாரத்தைத் துடைத்துவிட்டுக் கூலி வேலைக்கோ உழவுக்கோ போகிறவர். பெண் வேடங்களையும் ஆண்களே கட்டிவந்தார்கள். அவர்களுக்குக் கிடைத்த கேலி இன்னும் அதிகம். தாம்பூலம் வைத்து ஜமாவை அழைத்தவர்கள், பேசிய பணத்தைக் காலையில் குறைத்துக் கொடுப்பதும் உண்டு. தேசிங்கின் வீரத்துக்குக் கண் கலங்கிய அதே கூட்டம், தேசிங்காக ஆடியவர் தங்கள் வீட்டுத் திண்ணையில் அமர்வதை விரும்பாத காலமும் இருந்தது. படத்தைப் பூசையறையில் மாட்டிவிட்டு, வரைந்தவனை வாசலில் நிறுத்துவது போன்றது இது.

இந்த நிலை மாறத் தொடங்கியது கடந்த ஐம்பது ஆண்டுகளில்தான். செய்யாறு பகுதியிலுள்ள புரிசை கிராமத்தின் கூத்துக் குடும்பத்தில் வந்த கண்ணப்பத் தம்பிரான் கூத்தை நகரத்து அரங்குகளுக்கும் வெளிநாடுகளுக்கும் கொண்டுசென்றார். சென்னையில் ந. முத்துசாமி 1977இல் தொடங்கிய கூத்துப்பட்டறைக்கு அவரே ஆசான்களில் ஒருவர். கூத்து ஒரு செவ்வியல் நாடக வடிவம் என்று நகரத்து அறிவாளிகள் சொன்ன பிறகு, சொந்த ஊர்க்காரர்களும் அதைக் கொஞ்சம் நிமிர்ந்து பார்க்கத் தொடங்கினார்கள். சென்னைவாசிகள் கைதட்டிய பிறகுதான் திருவண்ணாமலை மாவட்டத்துக்காரருக்குத் தன் வீட்டுக் கலை தெரிந்தது என்பதில் கொஞ்சம் வருத்தம் இருக்கத்தான் செய்கிறது.

இப்போது பல ஊர்களில் கூத்து இரவு பத்து மணிக்குத் தொடங்கினாலும் நள்ளிரவில் கூட்டம் பாதியாகக் கரைந்துவிடுகிறது. பாரதக் கூத்துகளுக்குத் திருவிழாவின் ஆதரவு உண்டு. சடங்கோடு கட்டப்பட்டிருப்பதால் அவை நிற்கின்றன. தேசிங்கு ராஜன் போன்ற சரித்திரக் கூத்துகளுக்கு அந்தக் கயிறு இல்லை. அவற்றை ஆட வேண்டும் என்று எந்தக் கோயிலும் கேட்பதில்லை. ஊர்க்காரர்கள் விரும்பிக் கேட்டால்தான் ஜமா ஆடும். அதற்கு வாத்தியாருக்குப் பாடம் நினைவிருக்க வேண்டும், பாராசாரியை அடக்கும் அடவைப் பையன்கள் கற்றிருக்க வேண்டும், முகவீணை வாசிக்க ஒருவர் மிச்சமிருக்க வேண்டும். செஞ்சிக்கும் அண்ணாமலைக்கும் நடுவிலுள்ள ஊர்களில் முகவீணை இருந்த இடத்தில் பெரும்பாலும் ஆர்மோனியம் உட்கார்ந்துவிட்டது.